‘நாங்கள்’ ‘நாம்’ ஆன வரலாறு

அமெரிக்கக் குடிமையியல்: மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஓர் அறிமுகப் பாடம்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள்ளன என்பதை நம் பள்ளி மாணவர்கள் தொடக்க வகுப்பிலேயே கற்கின்றனர். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் ‘நாம்’. அவரை விலக்கிப் பேசினால் ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் சொல் ஒன்றே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டம் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகின்றது. இந்நாட்டு மக்களே இச்சட்டத்தை ஏற்படுத்துவதாக அதன் முகவுரை கூறுகின்றது. அச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? ‘நாம்’ என்றா, ‘நாங்கள்’ என்றா? இவ்வினாவுக்கு விடை தேடும் வழியில் அமெரிக்க வரலாற்றையும் ஆட்சி முறையையும் சுருக்கமாகக் காண்போம்.

சட்டம் பிறந்த வரலாறு

பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 13 குடியேற்றங்கள் 1776 ஜூலை 4 அன்று விடுதலைச் சாற்றுரையை ஏற்றன. தம் பேராளர் எவரும் இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தம்மீது வரி விதிப்பது முறையன்று என்பது அவர்களின் முதன்மையான குறைகளுள் ஒன்று. விடுதலைப் போர் 1783 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால் முடிவுற்றது. ஆயினும், மாநிலங்களை இணைத்த முதல் ஒப்பந்தம் வலுவற்றதாக இருந்தது. அதன்படி நடுவண் அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லை.

இக்குறையைப் போக்க 1787 மே மாதம் முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியா நகரில் பேராளர் கூட்டம் நடைபெற்றது. ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை தாங்கினார். கலந்துகொண்ட 55 பேருள் 39 பேர் புதிய சட்டத்தில் கையொப்பமிட்டனர். 1789 இல் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். பேச்சுரிமை, சமய உரிமை முதலியவற்றைக் காக்கும் 10 திருத்தங்கள் 1791 இல் சேர்ந்தன. இவை ‘உரிமைச் சாசனம்’ எனப்படும். இன்றுவரை மொத்தம் 27 திருத்தங்கள் நிறைவேறியுள்ளன. அவற்றுள் இறுதியானது 1789 இல் முன்மொழியப்பட்டு, 1992 இல் நிறைவேறியது என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

மூன்று கிளைகள்

அரசின் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தால் கொடுங்கோன்மை தோன்றும் என்று சட்டத்தை வகுத்தோர் அஞ்சினர். ஆதலால் அதனை மூன்றாகப் பிரித்தனர்.

முதலாவது, சட்டம் இயற்றும் காங்கிரஸ். இதில் இரண்டு அவைகள் உள்ளன. பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர். மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு இடங்கள் பகிரப்படுகின்றன. பதவிக்காலம் 2 ஆண்டுகள். செனட்டில் 100 உறுப்பினர். மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் இருவர். பதவிக்காலம் 6 ஆண்டுகள்.

இரண்டாவது, சட்டத்தை நிறைவேற்றும் ஆட்சித்துறை. இதன் தலைவர் குடியரசுத் தலைவர். பதவிக்காலம் 4 ஆண்டுகள். 1951 இல் நிறைவேறிய 22 ஆவது திருத்தத்தின்படி ஒருவர் இருமுறைக்கு மேல் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாகாது.

மூன்றாவது, நீதித்துறை. இதன் உச்சியில் 9 நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றம் உள்ளது.

காங்கிரஸ் இயற்றும் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் மறுக்கலாம். ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்தால் அம்மறுப்பைக் கடந்து சட்டம் நிறைவேறும். நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் முன்மொழிகின்றார். செனட் ஒப்புதல் அளிக்கின்றது. சட்டம் அரசியலமைப்புக்கு முரணாயின் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்யும். கூட்டுக் குடும்பத்தில் பணப்பெட்டி ஒருவரிடமும், சாவி மற்றொருவரிடமும், கணக்கேடு வேறொருவரிடமும் இருப்பதைப் போன்றது இவ்வேற்பாடு.

அன்று விலக்கப்பட்டோர்

மக்களின் பெயரால் எழுதப்பட்ட அச்சட்டத்தில் மக்கள் அனைவரும் அடங்கினரா? பெரும்பாலான மாநிலங்களில் சொத்துடைய வெள்ளையின ஆடவரே அன்று வாக்களிக்க முடிந்தது. பெண்களுக்குப் பெரும்பாலும் அவ்வுரிமை இல்லை. பூர்வகுடி மக்கள் குடிமக்களாகக் கருதப்படவில்லை. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களுக்கு எவ்வுரிமையும் இல்லை; எனினும் மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபையில் இடங்களைப் பகிரும்போது ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடப்பட்டார். 1790 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, வெளிநாட்டிலிருந்து வருவோருள் ‘அடிமையல்லாத வெள்ளையர்’ மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று விதித்தது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1857 இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே, அன்றைய நிலையில் முகவுரையின் முதற்சொல்லை ‘நாங்கள்’ என்று பெயர்ப்பதே பொருத்தமாகும்.

சொல் விரிந்த வழி

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் மூன்று திருத்தங்கள் வந்தன. 13 ஆவது திருத்தம் (1865) அடிமை முறையை ஒழித்தது. 14 ஆவது திருத்தம் (1868) இந்நாட்டில் பிறந்து இதன் ஆட்சி வரம்புக்கு உட்பட்டோர் யாவரும் குடிமக்கள் என்றது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மனிதருக்கும் மறுக்கலாகாது என்றும் விதித்தது. 15 ஆவது திருத்தம் (1870) இனம், நிறம் காரணமாக வாக்குரிமையை மறுப்பதைத் தடுத்தது.

எனினும், ஏட்டில் எழுதியது தானாக நடைமுறைக்கு வரவில்லை. சூசன் பி. அந்தோணி 1872 இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் வாக்களித்தார். பெண் வாக்களித்தது குற்றம் எனக் கைது செய்யப்பட்டு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டார்; அதனைச் செலுத்த மறுத்தார். பெண்களின் வாக்குரிமையை உறுதி செய்த 19 ஆவது திருத்தம் 1920 இல் நிறைவேறியபோது அவர் உயிரோடில்லை. பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் 1924 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி முதலிய தடைகளால் கறுப்பின மக்களின் வாக்கு பல்லாண்டுகள் மறுக்கப்பட்டது. 1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் அமைதியாக ஊர்வலம் சென்றோர் காவலரால் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 26 ஆவது திருத்தம் (1971) வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது.

இப்பயணம் எப்போதும் முன்னோக்கியே சென்றதெனக் கருதலாகாது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1988 இல் நிறைவேறிய சட்டத்தின் வழியே நாடு அவர்களிடம் மன்னிப்புக் கோரியது. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவொன்றை 2013 இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது.

நம்மவர்க்குக் கதவு திறந்த வரலாறு

ஆசிய மக்களின் நிலை என்ன? 1882 ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தது. 1886 இல் சான் பிரான்சிஸ்கோ சலவைக்கடைக்காரர் யிக் வோ தொடுத்த வழக்கில், 14 ஆவது திருத்தத்தின் சமப் பாதுகாப்பு குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் சீனா சென்று 1895 இல் திரும்பியபோது, அவர் குடிமகன் அல்லர் எனத் தடுக்கப்பட்டார். இங்குப் பிறந்தமையால் அவர் குடிமகனே என்று 1898 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளிப் பிள்ளைகளுள் இங்குப் பிறந்தோர், பெற்றோர் எந்த விசாவில் இருந்தபோதிலும், குடிமக்களாகக் கருதப்பட்டு வந்தமைக்கு 14 ஆவது திருத்தமும் அத்தீர்ப்புமே அடிப்படை. 2025 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவரின் ஆணை இவ்வுரிமையைக் குறுக்க முற்பட்டது. தற்காலிக விசாவில் உள்ளோரின் பிள்ளைகளையும் அது குறிப்பிட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதனைத் தடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பழைய வரலாறு நம் வீட்டு வாசலிலேயே நிற்பதற்கு இது சான்றாகும்.

இந்தியரின் வருகையை 1917 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிட்டது. பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த், முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். எனினும் இந்தியர் ‘வெள்ளையர்’ ஆகார் என்று கூறி, 1923 இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. அத்தீர்ப்பின்பின் முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதனை இழந்தனர். 1946 இல் லூஸ் செல்லர் சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமை பெறும் தகுதியை அளித்தது. எனினும் ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே குடியேறலாம் என்று வரையறுத்தது. அச்சட்டத்தின் பயனாக 1949 இல் குடிமகனான தலிப் சிங் சௌந்த், 1956 இல் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் 1953 இல் குடியுரிமை பெற்றார். 1983 இல் நோபல் பரிசு பெற்றார்.

1965 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரியான பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கி, குடும்ப உறவுக்கும் தொழில் திறனுக்கும் முதன்மை தந்தது. தமிழகத்திலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் வரத் தொடங்கியது அதன் பின்னரே. இலங்கையில் 1983 இல் நிகழ்ந்த இனப்படுகொலைக்குப் பின் அடைக்கலம் நாடி வந்த தமிழரும் நம்மிடையே உளர். செல்மாவில் அடிபட்டோர் வாக்குரிமை பெற்ற அதே ஆண்டில்தான் நமக்கும் கதவு திறந்தது. குடியுரிமை இயக்கம் நாட்டின் மனச்சான்றை எழுப்பியிராவிடில் இனவழி ஒதுக்கீட்டை நீக்குவது எளிதாக இருந்திராது. அவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

நாம் செய்யத்தக்கன

கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்று 5 ஆண்டுகள் கடந்தோர், பிற தகுதிகளும் இருப்பின், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கான குடிமையியல் தேர்வில் 128 வினாக்களிலிருந்து 20 வினாக்கள் கேட்கப்படும்; 12 க்குச் சரியான விடை கூற வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆதலால் இம்முடிவு பலருக்கு எளிதன்று. அவரவர் மனச்சான்றே வழிகாட்ட வேண்டும். ஆயின் ஆங்கிலம் தெரியாது என்னும் அச்சம் ஒன்றே தடையாக இருத்தல் ஆகாது. 50 வயது நிறைந்து 20 ஆண்டுகள் வசிப்புரிமை உடையோருக்கும், 55 வயது நிறைந்து 15 ஆண்டுகள் வசிப்புரிமை உடையோருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் குடிமையியல் வினாக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிலேயே விடை கூறலாம். பேரப்பிள்ளைகள் இப்பள்ளியில் கற்கும் தமிழுக்கு இதனினும் சிறந்த பயன் வேறு ஏது? தாத்தா பாட்டிக்கு ‘செனட்’ என்றால் என்னவென்று தமிழில் விளக்கும் பிள்ளை, இரு நாடுகளின் அறிவையும் ஒருங்கே பெறும்.

குடியுரிமை பெறாதோர் நாட்டளவிலான தேர்தல்களில் வாக்களிப்பது குற்றம் என்பதை நினைவிற் கொள்க. ஆயினும் அவர்களும் பள்ளி ஆட்சிக் குழுவின் பொதுக் கூட்டங்களுக்குச் சென்று கருத்துரைக்கலாம். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் பதியலாம். பிரதிநிதிகள் சபையின் இடங்களைப் பகிர உதவும் அக்கணக்கெடுப்புக்கு 2020 இல் தமிழிலும் வழிகாட்டி வெளியாயிற்று. குடிமக்களோ வாக்குச்சாவடிக்கும், அழைப்பு வரும்போது ஜூரிப் பணிக்கும் தவறாது செல்லுதல் வேண்டும்.

இனி, தொடக்க வினாவுக்கு வருவோம். 1787 இல் ‘நாங்கள்’ என்று பொருள்பட்ட அச்சொல்லை இன்று ‘நாம்’ என்று பெயர்க்கத் துணிகின்றோம். அதனை அவ்வாறே காப்பது, இம்மலரைப் படிக்கும் மாணவர்களின் கையிலும் உள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
2. அரசின் மூன்று கிளைகள் யாவை? ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தும் இரு வழிகளைக் கூறுக.
3. 13, 14, 15 ஆவது திருத்தங்கள் செய்தவை யாவை?
4. வோங் கிம் ஆர்க் வழக்கு உங்கள் குடும்பத்தோடு எவ்வாறு தொடர்புடையது?
5. வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு இப்பாடத்தின் ஒரு பகுதியைத் தமிழில் விளக்கி, அவர் கேட்ட வினாக்களை எழுதி வருக.