டிஸ்க் நிறைந்துவிட்டதா? அழிக்கும் முன் பாருங்கள்

சிறு வணிகம் செய்பவர்கள் பலர் இப்போது லினக்ஸ் சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துத் தாங்களே பராமரிக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு நான் உதவி வருகிறேன். அடிக்கடி வரும் புகார், "சைட் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்பதுதான். உள்ளே போய்ப் பார்த்தால் பல நேரம் டிஸ்க் நிறைந்திருக்கும். எழுத இடம் இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் உடனே நின்றுவிடாது. இடம் கிடைத்ததா என்று நிமிடத்திற்கு ஒரு முறை பார்த்தபடி காத்திருக்கும். அதனால்தான் பிழைச் செய்தி கூட வராமல் பக்கம் சுற்றுகிறது.

பதற்றத்தில் கண்ணில் படும் பெரிய பைலை அழித்துவிடாதீர்கள். முதலில் இரண்டு கட்டளைகளைக் கொடுத்துப் பாருங்கள். (கட்டளைகளை ஒலிப்பின்படி தந்துள்ளேன், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும்.)

டிஎஃப் -ஹெச்

சுடூ டியு -எக்ஸ்ஹெச்டி1 / | சார்ட் -ஹெச்

முதலாவது, டிஸ்க்கின் மொத்த அளவு, பயன்படுத்திய இடம், மீதி ஆகியவற்றைக் காட்டும். இரண்டாவது, எந்த டைரக்டரி எவ்வளவு இடம் பிடித்துள்ளது என்று வரிசைப்படுத்தித் தரும். பெரியது கடைசியில் வரும். டிஎஃப், டியு இரண்டுமே 1971ல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்தவை. வீட்டில் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் இவை அப்படியே பயன்படும்.

இரண்டும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால்தான் கவனம் தேவை. நான் பார்த்த ஒரு சர்வரில் டிஸ்க் 40 ஜிபி. டிஎஃப் 38 ஜிபி நிறைந்துவிட்டது, மீதி பூஜ்யம் என்றது. (விடுபட்ட 2 ஜிபி, இஎக்ஸ்டி4 பைல் சிஸ்டம் ரூட் பயனருக்காக ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம்.) ஆனால் டியு கணக்கில் 13 ஜிபிதான் வந்தது. 25 ஜிபி எங்கே போனது?

விசாரித்தபோது உண்மை தெரிந்தது. ஆர்டர்களைக் கவனிக்கும் புரோகிராமின் லாக் பைல் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. சர்வர் உரிமையாளர் அதை முந்தின இரவு அழித்திருக்கிறார். இடம் கிடைக்கவில்லை. அது மட்டுமல்ல, டிஸ்க் நிறைந்து டேட்டாபேஸ் பதிவு செய்யாமல் விட்ட ஆர்டர்கள் அந்த லாக் பைலில் மட்டும்தான் இருந்தன! சர்வரை ரீபூட் செய்யப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தேன்.

விண்டோஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் பைலை அழிக்க முயன்றால் பெரும்பாலும் சிஸ்டம் மறுத்துவிடும். லினக்ஸ் மறுக்காது. டைரக்டரியில் இருந்து பைலின் பெயரை மட்டும் நீக்கும். வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றினாலும் குடியிருப்பவர் உள்ளேயே இருப்பது போல, புரோகிராம் மூடும் வரை தகவல்கள் டிஸ்க்கிலேயே இருக்கும். இப்படிப்பட்ட பைல்களைக் காட்டும் கட்டளை:

சுடூ எல்எஸ்ஓஎஃப் +எல்1

கூட்டல் குறிக்கு அடுத்த எல் மட்டும் பெரிய எழுத்து. அன்று இது காட்டிய வரியில் பிராசஸ் எண் 2184, எஃப்டி என்ற பத்தியில் 5 என்று இருந்தது. அப்படியானால் அழிந்த பைல் இன்னும் இந்தப் பாதையில் கிடைக்கும்:

/ப்ராக்/2184/எஃப்டி/5

சர்வரில்தான் இடமே இல்லையே! எனவே என் கம்ப்யூட்டரில் இருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக, இந்தப் பாதையின் மீது கிரெப் கட்டளையை இயக்கி, ஆர்டர் வரிகளை மட்டும் என் டிஸ்க்கிலேயே ஒரு பைலாகச் சேமித்தேன். எல்லாம் வந்ததைச் சரிபார்த்த பிறகே அந்தப் புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தேன். அடுத்த நொடியில் 25 ஜிபி திரும்பி வந்தது. முன்பே ரீபூட் செய்திருந்தால் ஆர்டர்களும் அதோடு போயிருக்கும்.

இயங்கிக்கொண்டிருக்கும் லாக் பைலைக் காலி செய்ய, அழிக்கும் கட்டளைக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துங்கள்:

சுடூ ட்ரன்கேட் -எஸ் 0 பைலின்பெயர்

பைல் இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் போய்விடும். இடமும் உடனே கிடைக்கும். பைலின் கடைசியில் சேர்த்துச் சேர்த்து எழுதும் புரோகிராம்களுக்கு இது பொருந்தும். அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் அப்படித்தான் எழுதுகின்றன. தேவையான வரிகளை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைக்க மறக்க வேண்டாம்.

இன்னொரு புதிரும் உண்டு. டிஎஃப் -ஹெச் நிறைய இடம் இருப்பதாகக் காட்டும். ஆனால் புதிய பைல் உருவாக்க முடியாது. அப்போது டிஎஃப் -ஐ கொடுத்துப் பாருங்கள். இது ஐநோடுகளின் கணக்கு. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும். இஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று வீதம்தான் ஒதுக்கும். பிஹெச்பி செஷன் பைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும் பயன் இல்லை. இவற்றை நட்சத்திரக் குறி போட்டு அழிக்கப் போனால், பட்டியல் மிக நீளம் என்று சிஸ்டம் மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையின் டெலீட் ஆப்ஷன் கைகொடுக்கும். முதலில் அந்த ஆப்ஷன் இல்லாமல் இயக்கி, எந்தப் பைல்கள் பட்டியலில் வருகின்றன என்று பார்த்துவிட்டு அதைச் சேர்த்திடுங்கள்.