ஒரு சுருள், இரண்டு வாங்கிகள்

கம்பி இல்லாமல் கைபேசிக்கு மின்னேற்றும் தட்டுகள் இன்று பல வீடுகளுக்கு வந்துவிட்டன. ஒரே சுருளிலிருந்து இரண்டு கருவிகள் மின்வலு பெற்றால், ஒவ்வொன்றுக்கும் சரிபாதி கிடைக்குமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. செலுத்திச் சுருளில் ஆடலோட்டம் பாயும்போது உண்டாகும் மாறும் காந்தப்புலம், வாங்கிச் சுருளில் மின்னியக்க விசையைத் தூண்டுகிறது. இரண்டும் ஒரே மீடிறனில் பரிவுற்றால் வலு இன்னும் தொலைவுக்குச் செல்லும். 2007இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர்கள் இவ்வாறு 2 மீற்றருக்கு அப்பாலிருந்த 60 வாற்று மின்குமிழை ஒளிரச் செய்தனர்.

ஆடலோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பே தடங்கல். பரிவு நிலையில் அது வெறும் தடையாகிவிடும். வாங்கி வலுவை எடுப்பதால், செலுத்திச் சுற்றில் புதிய தடையொன்று சேர்ந்தது போலாகும். இதைப் பிரதிபலித்த தடை எனலாம். இது மூலத்தின் அகத்தடைக்குச் சமமாகும்போது உயர்ந்தபட்ச வலு கிடைக்கும். இதுவே தடங்கல் பொருத்தம்.

மூலம் 20 வோல்ற்று, அகத்தடை 10 ஓம் என்க. ஒரு வாங்கி 10 ஓமைப் பிரதிபலித்தால் ஓட்டம் 1 அம்பியர். அது பெறும் வலு 10 வாற்று. அதே அளவில் இன்னொன்றை வைத்தால் பிரதிபலித்த தடைகள் கூடி 20 ஓம் ஆகும். ஓட்டம் 2/3 அம்பியராகக் குறையும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4.4 வாற்றுத்தான், சரிபாதியான 5 வாற்றுக்கூட இல்லை.

இரண்டாவது வாங்கியை நெருக்கி வைத்து, காந்தப் பிணைப்பு இரு மடங்கானால், அதன் பிரதிபலித்த தடை நான்கு மடங்காகி 40 ஓம் ஆகும். ஓட்டம் 1/3 அம்பியர். நெருங்கியது பெறுவது அதே 4.4 வாற்று, மற்றதற்கோ 1.1 வாற்றுத்தான். நெருங்கியதால் அதற்கு இலாபமில்லை, அயலுக்கு மட்டும் நட்டம்.

தீர்வு என்ன? தூண்டிகளும் கொள்ளளவிகளும் கொண்ட பொருத்தும் சுற்றினால் ஒவ்வொன்றையும் 5 ஓமைப் பிரதிபலிக்கச் செய்தால், மொத்தம் மீண்டும் 10 ஓம். ஆளுக்கு 5 வாற்று. கருவியொன்று கூடினாலோ குறைந்தாலோ இதை மீண்டும் சரிசெய்ய வேண்டும். இந்நிலையில் அகத்தடையிலும் 10 வாற்று வெப்பமாக வீணாவதை மறக்கக் கூடாது. உயர்ந்தபட்ச வலு வேறு, உயர்ந்தபட்ச வினைத்திறன் வேறு.

சஹனைச் சுற்றி அமர்வோர் தத்தம் பக்கத்து உணவையே உண்பர். சுருள்களுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. அமைப்பவர்தான் அதைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.