ஐப்டேசியாவைப் பிய்க்காதே, தம்பி

பெம்பான், மலாக்கா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய உன் மீன்தொட்டியின் படத்தைப் பார்த்தேன். கல்லிடுக்கில் பழுப்பு நிறத்தில், மெல்லிய தண்டின்மேல் இழைகளை விரித்து நிற்பது ஐப்டேசியாதான். கடல் சாமந்தி இனம். நீ வாங்கிய உயிர்ப்பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பக்கத்துப் பவளங்களைக் கொட்டிக் கொட்டியே இடத்தைப் பிடித்துவிடும்.

இடுக்கியால் பிய்த்தெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே கூடாது. தொட்டதும் துளைக்குள் சுருங்கிவிடும். பாதத்தின் சிறு துணுக்கு கல்லில் மிஞ்சினாலும் அதிலிருந்து இன்னொன்று முளைக்கும். நம் தோட்டங்களில் லாலான் புல்லை மேலாகச் செதுக்கினால் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து மறுபடி கிளம்புமே, அதே கதை. இப்படி எளிதாகப் பெருகுவதால் ஆய்வாளர்கள் இதை விரும்பி வளர்க்கிறார்கள். பவளம் ஏன் வெளிறுகிறது என்பதை இதை வைத்தும் ஆராய்கிறார்கள். இதன் மரபணுத் தொகுதி 2015-இல் வெளியானது.

நான்கைந்து மட்டும் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு போதும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதுதான். ஆனால் பாட்டியின் சுண்ணாம்புச் சிமிழைத் தொடாதே. மீன்தொட்டிக்கென விற்கும் தூய பொடியையே வாங்கு. கொஞ்சம் நீரில் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஐப்டேசியா விரிந்திருக்கும்போது ஊசிக்குழலால் அதன் வாயின்மேல் மெதுவாக விட்டு மூடிவிடு. அரைமணி கழித்துப் பம்பைப் போடு. ஒரு நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். நீரின் காரத்தன்மை சட்டென ஏறினால் மீனுக்கும் பவளத்துக்கும் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அப்பாவையும் பக்கத்தில் இருக்கச் சொல்.

ஐப்டேசியாவைக் கொல்லக் கல்லைக் கொதிக்க வைக்க மட்டும் நினைக்காதே. அதில் ஒட்டியிருக்கும் சிலவகை ஸோவாந்திட் உயிர்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டார் அனைவரும் மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

நிறையப் பரவிவிட்டால் பெப்பர்மின்ட் இறால் உதவும். சின்னஞ்சிறியவற்றைத் தின்னும், பெரியவற்றைப் பல சமயம் கண்டுகொள்ளாது. அதே தோற்றமுள்ள ஒட்டக இறாலைக் கடைக்காரர் தந்துவிட்டால் அது உன் பவளத்தையே மேயும், பார்த்து வாங்கு. பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தைக்கு ஐப்டேசியாவைத் தவிர வேறு உணவே இல்லை. தீர்ந்ததும் பட்டினியால் சாகும் என்பதால், வேலை முடிந்ததும் தேவைப்படும் இன்னொருவரிடம் கொடுத்துவிடு. ஐப்டேசியாவைத் தின்னும் என்றாலும் நீளமூக்கு வண்ணத்துப்பூச்சி மீனை வாங்கவே வாங்காதே என்பேன். நம் கடல்களில் வாழும் அழகான மீன் அது. தொட்டிக்கு வந்ததும் தீனி எடுக்காமல் செத்துப்போவது அடிக்கடி நடக்கிறது. ஒரு களைக்காக அதைப் பலி கொடுப்பது நியாயமில்லை.

தீனியையும் குறைத்துப் போடு. மிஞ்சும் உணவும் ஐப்டேசியாவை வளர்க்கிறது.

இன்னொன்று. தொட்டி நீரையோ பழைய கல்லையோ உம்பாய்ப் பக்கத்துக் கடலில் கொட்டிவிடாதே. மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடிவாரத்தில் 1984-இல் காணப்பட்ட காலெர்ப்பா என்னும் மீன்தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது. நீரில் பிளீச் கலந்து ஒரு நாள் வைத்த பிறகே கழிவறையில் ஊற்று.

அன்புடன்,
உன் அண்ணன்