கல்விக் கடன்: தவணை இல்லாத அந்த 5 வருஷம்

கல்விக் கடன்ல படிக்கிற நண்பர்கிட்ட "மொத்தம் எவ்வளவு கட்டணும்?"னு கேட்டுப் பாருங்க. "வேலைக்குப் போனதும் பார்த்துக்கலாம்"னுதான் பெரும்பாலும் பதில் வரும். இப்பவே கொஞ்சம் பார்த்துடுவோம்.

படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் வங்கி நமக்கு அவகாசம் தருது. இதுக்குப் பேரு மொரட்டோரியம். பி.இ.க்கு மொத்தம் 5 வருஷம். அதுவரைக்கும் தவணை கிடையாது, ஆனா வட்டி உண்டு. தனிவட்டிங்கிறது மட்டும்தான் ஆறுதல்.

ஒவ்வொரு வருஷத் தொடக்கத்துலயும் 1 லட்சம், ஆக 4 லட்சம் கடன், வட்டி 10%னு வச்சுக்குவோம். முதல் லட்சத்துக்கு 5 வருஷ வட்டி 50,000. அடுத்ததுக்கு 40,000, அப்புறம் 30,000, கடைசிக்கு 20,000. மொத்தம் 1.4 லட்சம். தவணை தொடங்கும்போது இது அசலோட சேர்ந்துடும். இப்போ உங்க கடன் 5.4 லட்சம்! 10 வருஷத்துல அடைக்க மாசம் சுமார் 7,136 ரூபாய் வேணும்.

வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டியிருந்தா? முதல் வருஷம் மாசம் 833 ரூபாய், கடைசி ரெண்டு வருஷம் 3,333. அப்புறம் வர்ற தவணை 5,286தான். 120 மாசத்துல மிச்சம் சுமார் 2.22 லட்சம். இப்படிக் கட்டுறவங்களுக்குச் சில வங்கிகள் வட்டியில 1% குறைக்கவும் செய்யும்.

அதுக்காக உடனே கட்ட ஓடாதீங்க. வீட்டுல வேற கடன் இருக்கான்னு முதல்ல கேளுங்க. ஊர்ல "ரெண்டு வட்டி"னு சாதாரணமா சொல்றாங்களே, அது நூத்துக்கு மாசம் 2 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 24%. அது இருக்கும்போது 10% கடனுக்கு முன்கூட்டியே கட்டுறது சுத்த நஷ்டம். ஃபீஸ் கட்ட வெளியில வாங்கின கடனை அப்பா அம்மா நம்மகிட்ட சொல்றதே இல்ல, நாமதான் கேக்கணும்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா கணக்கே வேற. அவகாசக் காலத்து வட்டியை ஏத்துக்க 2009-லிருந்து மத்திய அரசுத் திட்டம் இருக்கு. வருமானச் சான்றிதழ் வேணும். கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமும் இருக்கணும். படிப்பைப் பாதியில விட்டா மானியம் கிடைக்காது. அதனால அடுத்த தடவை வங்கிக்குப் போகும்போது, இதுவரைக்கும் எவ்வளவு வட்டி ஏறியிருக்கு, மானியத்துக்கு உங்க பேரு போயிருக்கா, ரெண்டையும் கேட்டுட்டு வாங்க.