தொலைவிடக் கணினியின் நோயறிதல்

ஓசூர், கிருஷ்ணகிரி ஆகிய எல்லைப்புறத் தொழிற்பகுதிகளில் எந்திரங்கள் ஓரிடத்தும், அவற்றின் கணக்கைக் காக்கும் சேவையகக் கணினி பெங்களூர் முதலிய வேறோரிடத்தும் இருத்தல் கூடும். அக்கணினி சோர்வுற்றால் இங்கே வேலை தடைப்படும். காரணம் புலப்படாவிடின், எந்திரத்தின் அருகே நின்ற தொழிலாளி மீதே பழி விழுதலும் உண்டு. ஆதலின், கண்ணுக்கெட்டாக் கணினியின் நோயை அறியும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயின் காரணத்தை அறிதலைச் சிகிச்சைக்கு முன் வைத்தார். கணினிக்கும் அம்முறையே பொருந்துவதாம். அதற்கு நாடிகள் நான்கு: செயலியின் சுமை, நினைவகத்தின் இருப்பு, வட்டின் வேகம், வலையின் போக்குவரத்து என்பன. லினக்ஸ் கணினிகளில் 'சார்' என்னுங் கருவி இவற்றைக் காட்டும். 10 நிமிடத்திற்கு ஒரு முறை பதிதல் பெருவழக்கு. எனினும், 2 நிமிடமே நீடித்த நோய் 10 நிமிடச் சராசரியுள் மறைந்துபோம். ஐயம் எழுந்தவிடத்து இடைவெளியை ஒரு நிமிடமாகவேனும் சுருக்குதல் நன்று.

அடுத்து, காலத்தை நோக்குதல் வேண்டும். சேவையகங்கள் பல உலகப் பொது நேரத்தைக் கொள்வன. நம் நேரமோ அதனினும் 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. ஓசூரில் இரவு 8 மணிக்கு நேர்ந்த தடை, அப்பதிவில் 14.30 என்றே காணப்படும். இதனை மறந்தார் வேறொரு வேளையின் குறிப்பைப் படித்து மயங்குவர். மேலும், பதற்றத்தால் கணினியை உடனே நிறுத்தி மீண்டும் இயக்குதல் தகாது. நினைவகத்திலிருந்த தடயம் அழிந்துவிடும்.

யாவற்றினும் இன்றியமையாதது, பதிவுகளை உடனுக்குடன் வேறிடத்துக்கு அனுப்பிவைத்தல். 2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2 இன் விக்ரம் கலம் நிலவில் மோதிற்று. அதனை மீட்டு ஆராய வழியில்லை. ஆயினும், இறங்குங்காலத்து அது அனுப்பிய அளவைகள் புவியில் இருந்தன. உந்துபொறிகள் எதிர்பார்த்ததினும் மிகுந்த விசை தந்தமை அவற்றால் விளங்கிற்று. அக்குறைகளைக் களைந்து, விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராய் நடத்திய சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-இல் இனிது இறங்கிற்று.

அழிந்த கலமும் தன் நோயைச் சொல்லிச் சென்றது, குறிப்பு முன்னரே கரை சேர்ந்தமையால் அன்றோ! நம் தொழிற்கூடங்களிலும் நோய் வருமுன்னரே குறிப்பெழுதுதல் வேண்டும். அங்ஙனம் செய்யின் வேலையும் தடையின்றி நடக்கும். குற்றமற்ற தொழிலாளியும் வீண்பழியினின்று காக்கப்படுவான்.