வெளிநாட்டு விருந்தாளியை மலை சுற்ற அழைத்துப் போகிறீர்களா?

அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர், மகளோடு படித்தவர், மருமகன் வழிச் சொந்தம் என்று யாராவது ஒரு வெளிநாட்டுக்காரர் இப்போது நிறையத் தமிழ் வீடுகளுக்கு வந்து போகிறார். மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் எல்லாம் காட்டி முடித்ததும், "திருவண்ணாமலை போக வேண்டும்" என்று அவரே ஆரம்பிப்பார். அழைத்துப் போகும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

ஊரைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளிநாட்டு முகங்களைப் பார்த்துப் பழகிய ஊர் அது. வேலூரில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஹம்ப்ரீஸ் 1911லேயே மலையேறி, அங்கே இருந்த ரமண மகரிஷியைப் பார்த்துவிட்டார். ரமணரைச் சந்தித்ததைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய புத்தகம் 1934இல் லண்டனில் வெளியானது. 1938இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்துபோனார். அதற்குப் பின் வரத்து நிற்கவே இல்லை. ஆகவே ஊர் அவரைச் சமாளித்துக்கொள்ளும். தடுமாறுவது பெரும்பாலும் அழைத்துப் போகும் நாம்தான். காலையில் காரில் கிளம்பி, கோயில், ஆசிரமம், கிரிவலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து, நள்ளிரவில் வீடு திரும்பும் திட்டம் நமக்குப் பழகியது. முதல்முறை வருபவருக்கு அது ஆகாது. இரண்டு இரவு தங்குங்கள், குறைவாகக் காட்டுங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பது நமக்கே முடியாது.

பௌர்ணமியைத் தவிருங்கள். "பௌர்ணமி கிரிவலம்தானே விசேஷம்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். விசேஷம்தான். லட்சக்கணக்கில் ஜனம் வரும். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அறை வாடகை ஏறிவிடும். முதல்முறை வருபவருக்கு மலை தெரியாது, முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். கார்த்திகை தீபத்துக்கு இது இன்னும் பொருந்தும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையில் ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ போதும்.

2. கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

வெளிநாட்டவர் தங்கும் இடத்தின் பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். விடுதிகள் தாமாகவே செய்துவிடும். நீங்கள் உங்கள் வீட்டிலோ, ஊரில் உள்ள அத்தை வீட்டிலோ தங்க வைத்தால் அந்த வேலை வீட்டுக்காரருடையது. பலருக்கு இது தெரியாது. பாஸ்போர்ட், விசா நகல்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரமத்தில் தங்க விரும்பினால் முன்னதாகவே எழுதிக் கேட்க வேண்டும். நேரில் போய் நின்றால் இடம் கிடைப்பது அரிது.

உடை பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும்; புதிதாகப் பட்டு வேட்டி, சேலை எல்லாம் வாங்கிக் கட்டிவிட வேண்டியதில்லை. மெல்லிய பருத்திச் சட்டை, தளர்ந்த பேன்ட், ஒரு துண்டு, தொப்பி, தண்ணீர் பாட்டில், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பழைய காலுறை இரண்டு ஜோடி. காலுறை எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

ரொக்கமாகப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களை மாற்றி அவர் கையிலேயே கொடுங்கள். வெளிநாட்டு வங்கி அட்டை கிரிவலப்பாதையில் உள்ள டீக்கடையில் உதவாது.

3. போகும் வழி

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்திலிருந்து அரசுப் பேருந்துகள் உண்டு. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் வழியாக ரயிலும் இருக்கிறது. காரில் போனால் காலை உணவு முடித்துக் கிளம்பி, மதியம் அறையில் சேர்ந்து, இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். விமானக் களைப்பு தீராதவரை எந்தக் கோபுரமும் கண்ணில் ஏறாது.

4. முதல் நாள் மாலை: ஆசிரமம் மட்டும்

செங்கம் சாலையில் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்தை அடுத்து ரமணாசிரமம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த ரமணர் 1950இல் மறையும் வரை வேறெங்கும் போகவில்லை என்பதை மட்டும் வாசலில் சொல்லுங்கள். உள்ளே போனபின் விளக்கம் வேண்டாம். மாலை வேத பாராயணமும் தமிழ்ப் பாராயணமும் நடக்கும்போது ஓர் ஓரமாக உட்கார வையுங்கள். மயில், குரங்கு, பழைய தியான மண்டபம், பசு லட்சுமியின் சமாதி என்று அவராகவே பார்த்துக்கொள்வார்.

அங்கே சாப்பிட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடும் முறையை முன்பே சொல்லிக்கொடுங்கள்: வலது கை, ரசம் ஓடும் முன் சோற்றில் ஒரு குழி, பரிமாறுபவர் குனிந்ததும் இலைக்கு மேல் கையைக் காட்டி "போதும்". அந்தச் சைகை தெரியாமல் மூன்றாவது முறையும் சாம்பார் வாங்கிக்கொண்டு விழிக்கிறவர்கள் உண்டு. முழங்கால் மடக்க முடியாதவர் என்றால் கூச்சப்படாமல் மேசை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

5. இரண்டாம் நாள் விடியலில் கிரிவலம்

பாதை 14 கிலோமீட்டர். நின்று நிதானமாகப் போனால் ஐந்து மணி நேரம். காலை நாலரைக்கு ராஜகோபுரத்தின் முன்னால் தொடங்குங்கள். கடைத்தெருவையும் செங்கம் சாலையையும் இருட்டில் அமைதியாகக் கடந்துவிடலாம்.

மலையை வலமாக, அதாவது மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். சாலையின் இடப்பக்கமாக நடப்பது வழக்கம். மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை. எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். எட்டிலும் இறங்கிக் கும்பிட்டாக வேண்டும் என்று அவரை இழுக்காதீர்கள். எத்தனையாவது லிங்கத்தில் இருக்கிறோம் என்று சொன்னால் போதும். இன்னும் எவ்வளவு தூரம் என்பது அவருக்கே புரிந்துவிடும்.

செருப்பில்லாமல் நடப்பதுதான் மரபு. நம் பாதத்துக்கே இரண்டாவது மணி நேரத்தில் சிறு கற்கள் ஊசி போலத் தெரியும். பூட்ஸிலேயே வளர்ந்த பாதம் எப்படித் தாங்கும்? காலுறையை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு ஜோடி அடியில் தேய்ந்து ஓட்டையானதும் அடுத்த ஜோடி. அதுவும் முடியவில்லை என்றால் செருப்பைப் போட்டுக்கொள்ளட்டும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

6. அடி அண்ணாமலையில் அரை மணி நேரம்

வருண லிங்கத்தைத் தாண்டி வாயு லிங்கத்துக்கு முன்னால், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. பாதி வழி தாண்டியாகிவிட்டது. பெரும்பாலான வழிகாட்டிகள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடும் இடம் இது. உங்கள் விருந்தாளிக்கு இதுவே நடுநாயகமான நிறுத்தமாக இருக்கட்டும்.

காரணம் மூன்று. ஒன்று, வெளிச்சம். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வருவதால் விடிந்து வெகுநேரம் இந்தப் பக்கம் நிழலாகவே இருக்கும். ஊருக்குள் பார்த்த மலைக்கும் இதற்கும் உருவமே வேறு. நாலரைக்குக் கிளம்பினால் ஏழரை மணிவாக்கில் அந்த நிழலுக்குள் வந்து சேரலாம்.

இரண்டு, கோயில்கள். ஆதி அருணாசலேசுவரர் கோயில் பெரிய கோயிலைப் போல மிரட்டாது. பிரம்மா நிறுவியது என்பது தலபுராணம். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு சிவன் கோயிலின் அமைப்பை, கொடிமரம், நந்தி, கருவறை என்று நிதானமாகக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. மாலையில் பெரிய கோயிலுக்குள் போகும்போது அவருக்குத் திசை தெரிந்திருக்கும். பக்கத்திலேயே மாணிக்கவாசகர் கோயில். திருவெம்பாவை இங்கே பாடப்பட்டது என்பது மரபு. மார்கழியில் வந்தால், அதே பாடல் தமிழ்நாடெங்கும் விடியற்காலையில் ஒலித்துக்கொண்டிருப்பதைச் சொல்லுங்கள்.

மூன்று, ஊர். இது வெறும் கோயில் நிறுத்தம் அல்ல, ஜனம் குடியிருக்கும் கிராமம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இட்லியோ, கேழ்வரகுக் கூழோ, சுக்குக் காபியோ சாப்பிடுங்கள். "எந்த ஊருங்க?" என்று யாராவது கேட்பார்கள். பதிலை நீங்கள் சொல்லாமல் அவரைச் சொல்ல விடுங்கள். அவர் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். அவரோடு செல்ஃபி எடுக்க வருகிறவர்களும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. கால் வலித்தால் இங்கேயே ஆட்டோ பிடியுங்கள். வாடகையை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

7. மீதிப் பாதை

குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். பின்வாசலில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, குறுகலான வாசல்களுக்குள் உடம்பை நகர்த்தி முன்வாசலில் வெளிவர வேண்டும். பார்த்தால் முடியாத காரியமாகத் தோன்றும். சாய்ந்த மேனிக்கு முதலில் கையை நீட்டினால் பலர் வந்துவிடுகிறார்கள். அகன்ற தோள்காரர், மூச்சு முட்டும் பயம் உள்ளவர் வேடிக்கை பார்த்தால் போதும், கட்டாயப்படுத்தாதீர்கள். அருகில் மலையின் ஐந்து முகடுகளும் சேர்ந்து தெரியும் பஞ்சமுக தரிசனம். ஈசானியம் தாண்டினால் ஊர். ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பி, காலை வெந்நீரில் வைத்து, மதியம் வரை ஓய்வு.

8. மாலையில் பெரிய கோயில்

நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். கிழக்கே 217 அடி ராஜகோபுரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்தது. தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். ஆயிரங்கால் மண்டபத்தில் ரமணர் உட்கார்ந்திருந்த பாதாள லிங்கத்தைக் காட்டுங்கள். கதைக்கு ஒன்று போதும். அதை வல்லாள கோபுரத்தடியில் நின்று சொல்லுங்கள்.

போசள மன்னர் மூன்றாம் வல்லாளன் 14ஆம் நூற்றாண்டில், தன் தலைநகரான துவாரசமுத்திரம் டெல்லிப் படைகளால் சூறையாடப்பட்ட பின், திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்து ஆண்டார். அவருக்குப் பிள்ளை இல்லை என்றும், அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்றும் கதை. அதனால் இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் சுவாமி வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். கடவுள் ஒரு மனிதனுக்குப் பிள்ளையாக நின்று ஆண்டுதோறும் கடன் கழிக்கும் ஊர் என்று சொன்னால், பத்துத் தலபுராணம் சொல்ல வேண்டியதில்லை.

பிற சமயத்தார் எதுவரை போகலாம் என்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்து, அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கட்டும், "ஃபாரினர்" என்று சொல்லிக் குறுக்கு வழி தேடாதீர்கள்.

9. காசும் சாமியார்களும்

கிரிவலப்பாதையில் காவி உடுத்தவர்கள் நிறைய இருப்பார்கள். சிலர் உண்மையான துறவிகள், சிலர் பிழைப்புக்கு வந்தவர்கள். முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. கொடுக்க விரும்பினால் பணத்தைவிடச் சாப்பாடு நல்லது. தனியாகக் கூப்பிட்டு தீட்சை, மூலிகை, "ரகசிய குகை" என்று பேசுபவரிடம் ஒரு கும்பிடு போட்டு நகரச் சொல்லுங்கள். தனியாக வரும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

10. செய்யவே கூடாதவை

வனத்துறை அனுமதி இல்லாமல் மலையுச்சிக்குப் போகக் கூடாது. "நான் கூட்டிப் போறேன்" என்று யார் வந்தாலும் வேண்டாம். 2024 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் இந்த மலைச்சரிவு சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மலையில் ஏற ஆசையிருந்தால் பகலில் விருபாட்ச குகை, கந்தாசிரமம் வரை போதும். ரமணர் 1899 முதல் 1922 வரை இருந்த இடங்கள் அவை இரண்டும்.

குரங்கின் முன் உணவுப் பையைப் பிரிக்காதீர்கள். நாயோ குரங்கோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற அவசரத்துக்கு 112. இரண்டையும் அவர் கைபேசியில் பதிந்துவிடுங்கள்.

11. திரும்பும் வழியில்

மூன்றாம் நாள் காலை செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வழியிலேயே இருக்கிறது. கால் அனுமதித்தால் ஏறலாம். இல்லையென்றால் அடிவாரத்துக் கல்யாண மகாலோடு திரும்பலாம்.

இந்த வரிசையில் விட்டுப்போனவை நிறைய என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். எல்லாம் பார்த்தாயிற்று என்று ஊர் திரும்புகிறவர் மறுபடி வருவதில்லை. அடுத்த முறை உங்களைக் கேட்காமல் அவரே டிக்கெட் போட்டு, பௌர்ணமி பார்த்து வந்து இறங்கினால், நீங்கள் சரியாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.