பலகை சொல்லாத கடினம்

தமிழ்நாட்டுக் காடுகளில் நடக்க விரும்புகிறவர்களுக்கு 2024 அக்டோபரில் ஒரு நல்ல கதவு திறந்தது. வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து, முன்பதிவு செய்தவர்களை வழிகாட்டியுடன் அனுப்பத் தொடங்கியது. கோத்தகிரி லாங்வுட் சோலை எளிது, வெள்ளியங்கிரி கடினம். இப்படி ஒரு தரப்பட்டியல் அவசியம்தான். முதல்முறை காட்டுக்குள் போகிறவருக்கு அதைவிட்டால் வேறு பிடிமானம் கிடையாது. ஆனால் இந்த மலைகளில் நடந்தும், நடக்கிறவர்களைக் கவனித்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது: நீளமும் ஏற்றமும் ஒரு பாதையின் கடினத்தில் பாதியைத்தான் சொல்லும். எந்த மாதம், எத்தனை மணிக்கு, யாரோடு போகிறோம் என்பதில் மறுபாதி இருக்கிறது. அந்த மறுபாதியை எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்க முடியாது. நடக்கிறவர்தான் கணக்குப் போட வேண்டும்.

மாதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அது பெரிது. போடி அருகே குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் போகும் வழிகள் கயிறு கட்டிப் பாறை ஏறும் வழிகள் அல்ல. மலைக் கிராமத்தினரும் தோட்டத் தொழிலாளர்களும் காலங்காலமாக ஏறி இறங்கியவை. அந்தச் சரிவில்தான் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மார்ச்சில் அந்தப் புல்வெளி காய்ந்து வெடித்துக் கிடக்கும். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே வருவதால், சமதளத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு வேகமாக வரும். மேலே ஏறித் தப்ப நினைப்பவரைத் துரத்திப் பிடித்துவிடும். அதே பாதை டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன பிறகு, பச்சைப் புல்லும் ஓடும் தண்ணீருமாக இருக்கும். தூரம் மாறவில்லை, ஏற்றம் மாறவில்லை. ஆபத்து முற்றிலும் மாறிவிட்டது. நீலகிரியின் மேற்கு விளிம்பில் காலண்டரே வேறு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பக்கம் எந்தப் பாதையும் எளிதல்ல, அப்போது போடி மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவில் ஓரளவு உலர்ந்திருக்கும். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளுக்கான நடையைப் பாருங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் கற்கருவிகள் கண்டெடுத்த அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்துக் காடு அது. ஏற்றம் அதிகமில்லை, குழந்தைகளும் நடக்கலாம். ஆனால் நிழல் குறைந்த முட்காட்டில் மே மாத நடுப்பகலில் நடந்தால் அதே எளிய பாதையில் உடல்சூடு ஏறி மயங்கி விழ நேரும். ஆகவே பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு விடுமுறையைத் தேடுவது தலைகீழ் வேலை. கையில் உள்ள மாதத்துக்கு எந்தச் சரிவு பொருந்தும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு இது 2 மணி 42 நிமிடம் என்று வரும். குளிர்நாட்டில், பழகிய கால்களுக்கான கணக்கு இது. நம் வெயிலுக்கும், சரளைக்கல்லுக்கும், வாரம் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்புக்கும் ஒன்றரை மடங்கு, முதல்முறை நடப்பவருக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து வெள்ளக்கெவிக்குப் போகிறவர்களுக்குக் காலையில் எல்லாமே இறக்கம்; பேசிச் சிரித்துக்கொண்டே கிராமம் வரை போய்விடலாம். திரும்புவதற்கு அதே உயரத்தை, வெயில் ஏறிய பிறகு, களைத்த காலோடு ஏற வேண்டும். இத்தகைய வழிகளில் போன நேரத்தை வைத்து வரும் நேரத்தைக் கணிப்பவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். சோலைக்காட்டுக்குள் வெளிச்சம் வெளியில் இருப்பதைவிட முன்னதாகவே மங்கும், யானைகள் நடமாடும் பொழுதும் அதுதான். எனவே கிளம்பும்போதே ஒரு திரும்பும் நேரத்தைக் குறித்துவிட வேண்டும். 12 மணி என்றால் 12 மணி. உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இதைக் கடைப்பிடிப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லக்கூடிய ஆலோசனைகளில் மிகப் பயனுள்ளது இதுதான் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் அறுபது வயதுக்காரர்கள் வெறுங்காலோடு, ஒரு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு, சிவ நாமம் சொல்லி ஏறிவிட்டு வருகிறார்களே, இத்தனை கணக்கு எதற்கு? நியாயமான கேள்வி. அவர்களை நன்றாகக் கவனித்தால் பதில் கிடைக்கும். பெரும்பாலோர் வெயிலைத் தவிர்த்து இரவில் ஏறுகிறார்கள், அவசரப்படுவதில்லை, மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுகிறார்கள், கூட்டமாகப் போகிறார்கள், பிப்ரவரியிலிருந்து மே வரை அனுமதிக்கப்பட்ட காலத்தில் மட்டுமே வருகிறார்கள். மாதம், நேரம், துணை மூன்றையும் மரபே அவர்களுக்காகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அப்படியிருந்தும், மருத்துவ ஆலோசனை இல்லாமல் ஏறிய இதய நோயாளிகள் அந்த மலையில் உயிரிழந்த செய்திகளும் வந்திருக்கின்றன. பக்தி உடலின் கணக்கைத் தள்ளுபடி செய்வதில்லை. உடற்பயிற்சிக் கூடத்துத் தசையும் அப்படித்தான். ஓட்ட இயந்திரத்தில் நாள்தோறும் ஓடுகிறவர் மேலே எளிதாகப் போய்விடுவார். கீழே இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், அந்த வேலைக்கு ஓட்ட இயந்திரம் பழக்குவதில்லை. வீட்டு மாடிப்படியில் முதுகில் ஐந்து கிலோ சுமையோடு இறங்கிப் பழகுவது அதற்கு உதவும்.

துணை என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு குழுவின் வேகம் அதன் மெதுவான நபரின் வேகம்தான். அவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போனவர்கள் காத்திருந்து ஓய்வெடுத்து, அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். மிகவும் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் அவரை நடக்கவிட்டால் இந்தக் கொடுமை தீர்ந்துவிடும். வரிசையின் கடைசியில் பழகிய ஒருவர் விசிலோடு வரட்டும். கையோடு எடுத்துப்போக வேண்டியவை: மணிக்கு அரை லிட்டர் கணக்கில் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மழைக்காலமென்றால் அட்டைக்கடிக்கு முழங்கால் வரை உறை, தலைவிளக்கு. பொருள்பட்டியலில் இதற்குமேல் நீட்ட எனக்கு ஒன்றுமில்லை.

நம் மண்ணில் நடக்க எதற்கு அனுமதி, எதற்குக் கட்டணம் என்று கேட்பவர்களும் உண்டு. குரங்கணிக்குப் பிறகு 2018இல் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்ததற்குக் காரணம் அந்த உயிரிழப்புகள்தான். விதியை விடுங்கள், குரங்கணிப் பக்கம் முதுவர், பழனி மலையில் பளியர், டாப்சிலிப்பில் காடர், பொதிகையில் காணிக்காரர் எனத் தலைமுறையாக அந்தக் காட்டில் வாழும் மக்களில் ஒருவர் முன்னே நடப்பது வேறு விஷயம். சாணத்தின் ஈரத்தையும் ஒடிந்த கிளையையும் காற்றில் வரும் வாடையையும் வைத்து யானை எந்தப் பக்கம், எவ்வளவு முன்பு போனது என்று அவர் சொல்லிவிடுவார். வானம் கறுப்பதைப் பார்த்து ஓடையைக் கடக்கலாமா என்று முடிவெடுப்பார். பலகையால் சொல்ல முடியாத அன்றைய கடினத்தை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த அறிவுக்குக் கூலி கொடுப்பதில் வருத்தப்பட ஏதுமில்லை. இந்தக் கட்டணம் வசதியற்ற இளைஞர்களுக்குச் சுமையாகிறது என்ற குறை மட்டும் உண்மையானது; மாணவர்களுக்குச் சலுகை கொடுத்தால் அது தீரும், அனுமதியை எடுத்துவிட்டால் தீராது.

வழிகாட்டி வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: கடைசியாக எப்போது இந்தப் பாதையில் ஆள் போனது, வழியில் தண்ணீர் ஓடுகிறதா, யானை எந்தப் பக்கம் நிற்கிறது. பதில் சொல்லிவிட்டு அவர் இன்று வேண்டாம் என்றால், கட்டிய பணத்தை நினைக்காமல் வீடு திரும்புங்கள்.